சர்க்கரைக் கண்புரை: நெல்லியா, மஞ்சளா, வெந்தயமா?

புதுச்சேரி பெரிய மார்க்கெட் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் "சர்க்கரையால கண்ணு மங்குது" என்று சொன்னால், நெல்லிவற்றல், மஞ்சள்தூள், வெந்தயம் என்று ஏதாவது ஒரு பொட்டலம் கைக்கு வந்துவிடும். எதை வாங்குவது?

சர்க்கரை ஏறும்போது லென்ஸுக்குள் இருக்கும் ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்ற நொதி குளுக்கோஸை சார்பிட்டாலாக மாற்றுகிறது. சார்பிட்டால் சுலபத்தில் வெளியேறாது. தண்ணீரை இழுத்துக்கொண்டு உள்ளேயே தங்கும். லென்ஸ் உப்பி, புரை விழும்.

இந்த நொதியை நேரடியாகத் தடுப்பதில் நெல்லிக்குத்தான் என் ஓட்டு. அதிலுள்ள பீட்டா குளுக்கோகாலின் என்ற பொருள் ஆய்வகத்தில் நொதியை நன்றாகவே அடக்கியது. ஆனால் பச்சைக் காயாகத் தின்னுங்கள். பாகில் ஊறிய தேன்நெல்லியை மருந்தென்று சர்க்கரைக்காரருக்குக் கொடுப்பது கொடுமை.

மஞ்சளின் கதை வேறு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 2003இல் வெளியிட்ட எலி ஆய்வில், தீனியில் மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினை 0.002 சதவீதம் கலந்தபோது புரை தள்ளிப்போனது, 0.01 சதவீதமானபோது சீக்கிரமே முற்றியது! 2005இல் நீரிழிவு எலிகளில் தனிக் குர்குமினைவிட முழு மஞ்சளே நன்றாக வேலை செய்தது. குழம்பில் போடும் மஞ்சள் போதும். விலை கூடிய குர்குமின் கேப்ஸ்யூலுக்குக் காசைக் கொட்ட நான் சொல்லமாட்டேன்.

வெந்தயம் லென்ஸுக்கான மருந்தே அல்ல. அதன் நார்ச்சத்து மாவுச்சத்து ரத்தத்தில் கலப்பதை மெதுவாக்கும். ஆனாலும் மனிதர்களிடமே சர்க்கரையைக் குறைத்துக் காட்டியிருக்கிறது. சர்க்கரை மாத்திரையோடு சேர்த்து எடுப்பவர்கள் தாழ்சர்க்கரை வராமல் பார்த்துக்கொள்ளவும்.

எலியின் லென்ஸில் அந்த நொதி நம்முடையதைவிடப் பல மடங்கு அதிகம். அங்கே ஜெயித்தது இங்கே ஜெயிக்கும் என்று சொல்ல முடியாது. இதே நொதியைத் தடுக்கும் சார்பினில் மாத்திரை, 1990இல் முடிவு வந்த மனித ஆய்வில் சர்க்கரையால் வரும் இன்னொரு கண் கோளாறான விழித்திரைப் பாதிப்பை நிறுத்தவில்லை. முதல்வகை நீரிழிவுக்காரர்கள் சர்க்கரையைக் கறாராகக் கட்டுக்குள் வைத்தபோதோ, அந்தப் பாதிப்பு புதிதாக வரும் அபாயம் 76 சதவீதம் குறைந்ததாக 1993இல் தெரியவந்தது. எந்த மூலிகையும் இதன் பக்கத்தில் வரவில்லை.

ஆகவே மாத்திரையை நிறுத்தாமல் வெந்தயம், நெல்லி சேர்த்துக்கொள்ளுங்கள். விழுந்த புரையை எதுவும் கரைக்காது, அறுவைதான். வருஷத்துக்கு ஒருமுறை சொட்டுமருந்து விட்டு விழித்திரையையும் பார்த்துவிடுங்கள். கடலூரிலிருந்து தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போகிறவர்கள் துணைக்கு ஆளோடு போங்கள். சொட்டு விட்டபின் சில மணி நேரம் வெயிலில் கண் கூசும், வண்டி ஓட்ட முடியாது.