ஐந்தரை மணி டர்ஃப்: பந்து வாங்கப் பழகிய மூன்று மாதம்

கொடுங்கையூர் பக்கம் பழைய குடோன் ஒன்றை இடித்த இடத்தில் போட்டிருக்கும் டர்ஃபை, அதாவது செயற்கைப் புல் கால்பந்து மைதானத்தைப் பற்றி எழுதுகிறேன். நவம்பர் கடைசியில் தொடங்கி பிப்ரவரி கடைசி வரை, செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை எடுத்திருந்தோம். காலையில் மணிக்கு 700 ரூபாய். சாயங்காலம் ஆறுக்கு மேல் அதே இடம் 1,200. ஒரு நாளைக்கு எங்களுக்கு 1,050 ஆகும், பதினான்கு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 75. எல்லாராலும் கொடுக்க முடியாது. முன்பு எங்களிடம் ஆடிவிட்டு இப்போது வேலையில் இருக்கும் இரண்டு பேர் மீதியைப் போட்டுவிடுகிறார்கள்.

நான் துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவன். வியாசர்பாடியில் பதினாறு, பதினேழு வயசுப் பசங்களுக்கு பல வருஷமாகப் பயிற்சி கொடுக்கிறேன். டர்ஃபுக்கு ஸ்டார் போடுகிறவர்கள் லைட், பார்க்கிங், பாத்ரூம் எல்லாம் எழுதிவிட்டார்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை. நான் அங்கே போனது ஒரே காரணத்துக்கு. வரும் சீசனில் என் முன்வரிசைப் பசங்க பந்து வாங்க, அதாவது வரும் பாஸைக் காலில் ஒழுங்காக எடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

போன சீசனில் நாங்கள் தோற்ற மேட்ச்களை உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். பின்வரிசையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நடுவில் பந்து எங்களிடம்தான் இருந்தது. முன்னால் ஆடும் 7, 9, 11 (பசங்களைச் சட்டை நம்பரில்தான் சொல்கிறேன்) மூன்று பேருக்கும் பாஸ் போகும், போன வேகத்தில் திரும்பி வந்துவிடும். பாதிக்கு மேல் எதிராளி காலில். கொடுக்கிறவனைத்தான் எல்லாரும் திட்டுவார்கள், "ஒழுங்கா குடுடா" என்று. வாங்குகிறவன் எப்படி நின்றான் என்று யாரும் பார்ப்பதில்லை.

அதற்குக் காரணம் எங்கள் மண் கிரவுண்ட். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, நானும் அந்த மண்ணில் ஆடித்தான் வளர்ந்தேன். ஆனால் அங்கே பத்தடி தூரத்துப் பாஸ் கூட கல்லில் பட்டு முழங்காலுக்கு எகிறும். அதனால் பசங்க என்ன செய்வார்கள்? பந்துக்கு நேராகத் திரும்பி நின்று, உள்ளங்காலால் அமுக்கி நிறுத்தி, அப்புறம் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். அந்த மண்ணுக்கு அது சரியான வித்தை. ஆனால் அமுக்கி நிறுத்தி நிமிரும்போது முதுகுக்குப் பின்னால் டிஃபென்டர் வந்து ஒட்டிவிடுகிறான். நல்ல புல் உள்ள மைதானத்தில் ஆடப் போனாலும் அதே பழக்கம்தான். கிரவுண்ட் மாறுகிறது, கால் மாறவில்லை.

டர்ஃபில் முதல் நாள் 11 சொன்னது இது: "ண்ணா, பந்து எகிறவே இல்ல ண்ணா. வர மாதிரியே வருது."

அந்த ஒரு விஷயத்துக்கு மட்டுமே நான் இந்த இடத்துக்கு முழு மார்க் போடுவேன். பந்து எங்கே வரும் என்ற பயம் போனதும் பையனின் கண் பந்தை விட்டு விலகுகிறது. கண் விலகினால்தான் பின்னால் யார் வருகிறான் என்று பார்க்க முடியும். நான் கொடுத்த பயிற்சி எளிமையானது. எட்டடிச் சதுரத்தின் நடுவில் ஒருத்தன், நாலு மூலையில் நாலு பேர். நடுவில் இருக்கிறவன் பக்கவாட்டில் நிற்க வேண்டும், ஒரு தோள் கொடுக்கிறவன் பக்கம், இன்னொரு தோள் கோல் பக்கம். பந்து காலுக்கு வருமுன் குறைந்தது இரண்டு முறை தோளுக்குப் பின்னால் பார்க்க வேண்டும். வாங்குவது, பந்து வரும் பக்கத்திலிருந்து தள்ளி இருக்கும் காலால். கிட்டே இருக்கும் காலால் வாங்கினால் திரும்ப இன்னொரு டச் வேண்டும், அதற்குள் கதை முடிந்துவிடும். பின்னால் நான் நின்று, அவன் முதுகுப் பக்கம் காலியாக இருந்தால் "திரும்பு" என்பேன், யாராவது ஒட்டினால் "ஆள்" என்பேன்.

ஜனவரி நடுவில் ஒரு வியாழக்கிழமை. வலை ஓரம், தெற்கு மூலை. 10 பக்கவாட்டில் நிற்கிறான், ஸ்டாப்பர் (பின்வரிசை நடுவில் ஆடுகிறவன்) தரையோடு கொடுக்கிறான். பந்து வந்துகொண்டிருக்கும்போதே இவன் தலை இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை. நான் வாயே திறக்கவில்லை. இடது காலின் உள்பக்கத்தால் லேசாகத் தடவி, பந்தை நிற்க விடாமல் தன்னைத் தாண்டி ஓட விட்டு, அதோடு சேர்ந்து திரும்பிவிட்டான். பின்னால் ஒட்ட வந்த 4 வெறும் காற்றைப் பிடித்தான். அந்த ஒரு டச்சுக்காக மூன்று மாதக் காசும் கொடுக்கலாம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

இனி குறைகள். இடம் சின்னது, காலால் அளந்தேன், சுமார் நூறடி நீளம், அறுபதடி அகலம். நிஜ மைதானத்தில் கோல் மட்டுமே 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். இங்கே இருப்பது அதில் பாதி கூட இல்லை. 9 உயரமான பையன், தலையால் வாங்கி இறக்குவதுதான் அவன் பலம். மேலே வலை கட்டியிருப்பதால் உயரப் பந்து கொடுக்கவே முடியாது. ஓரத்தில் ஐம்பது மீட்டர் ஓடிப்போய் வாங்குவது 7-க்கு வேலை, அவனுக்கும் இங்கே வழியில்லை. அவர்கள் இருவருக்கும் சனிக்கிழமை மண் கிரவுண்ட்தான்.

இரண்டாவது, கறுப்பு ரப்பர். செயற்கைப் புல்லுக்கு நடுவே மணலும், பழைய டயரை அரைத்த ரப்பர் துகளும் போட்டிருப்பார்கள். அதுதான் புல் இழையை நிமிர்த்தி வைக்கிறது, பந்தின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. வடக்குக் கோல் முன்னால் அந்தத் துகள் பெரும்பாலும் போய்விட்டது. இழை படுத்துக் கிடக்கிறது, பந்து அங்கே வழுக்கிக்கொண்டு சீறும். மூன்று முறை சொல்லியும் நிரப்பவில்லை. கிழக்கு ஓரம் தையல் விட்டு ஒரு விரல் அகலத்துக்குத் திறந்திருந்தது, ஒரு பையனின் ஷூ அடியில் இருக்கும் ஸ்டட் அதில் மாட்டிக் கணுக்கால் பிசகி பத்து நாள் வீட்டில் இருந்தான். அன்றைக்கே காட்டினேன், ஒட்டியது ஒன்பதாம் நாள். காசு வாங்கிக்கொண்டு பசங்களை ஓட விடுகிற இடத்தில் இதைத் தள்ளிப் போடக் கூடாது. உரிமையாளரிடம் நேராகவே சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்.

வெயில் ஏறினால் அந்தக் கறுப்புத் துகள் கொதிக்கும். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு ஒரு நட்பு ஆட்டம் வைத்தோம். பத்தே கால் ஆவதற்குள் பசங்க ஷூவுக்குள் பாதம் எரிகிறது என்று தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். கீழே விழுந்தால் முழங்காலில் தோல் உரிகிறது. குழந்தைகளைப் பகல் நேரத்தில் இங்கே அனுப்பாதீர்கள்.

அவர்கள் தரும் பந்தை வாங்காதீர்கள், உங்கள் பந்தைக் கொண்டு போங்கள். அங்கே இருக்கும் பந்துகள் கல் மாதிரி காற்று அடித்தவை, காலில் பட்டதும் எகிறி ஓடும். 5-ஆம் நம்பர் பந்து என்றால் சுற்றளவு 68-லிருந்து 70 சென்டிமீட்டர், எடை 410-லிருந்து 450 கிராம், காற்று 0.6-லிருந்து 1.1 அட்மாஸ்பியர் என்பது விதி. நான் பம்ப்பும் ஊசியும் பையிலேயே வைத்திருக்கிறேன். பந்து வாங்கும் பயிற்சிக்கு அந்த விதியின் கீழ்க்கோட்டுப் பக்கமாக, கட்டைவிரலால் அமுக்கினால் லேசாக உள்ளே போகிற அளவுக்கு வைப்பேன். முதல் டச் பழகுகிற காலத்தில் அதுதான் காலுக்குப் பேசும்.

வெறுங்காலோடு விட மாட்டார்கள். 11 மண்ணில் எப்போதும் வெறுங்கால். புது டர்ஃப் ஷூ போட்டதும் இரண்டு வாரம் அவனுக்குப் பந்தே ஒட்டவில்லை, முகம் சுருங்கிப் போயிற்று. நான் அவசரப்படுத்தவில்லை. மூன்றாவது வாரம் தானாகச் சரியானது.

மழைக்கு மட்டும் இந்த இடத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம். டிசம்பரில் கணேசபுரம் சப்வே தண்ணீரில் மூழ்கி, புளியந்தோப்புப் பக்கத்துப் பசங்க சுற்றிக்கொண்டு வந்தார்கள். எங்கள் கிரவுண்டில் முட்டியளவு சேறு. டர்ஃபில் மழை நின்ற அரை மணியில் ஆடினோம். ஒரு நாள் கூட வீணாகவில்லை.

சரி, இதையெல்லாம் வைத்து வரும் சீசனில் யாரை எங்கே நிறுத்தப் போகிறேன்? டர்ஃப் விமர்சனத்தில் இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு: இந்த இடத்தில் பார்த்ததால்தான் இந்த முடிவுகளை எடுத்தேன்.

10 இனி ஸ்ட்ரைக்கர் காலடியில் நிற்க மாட்டான். கீழே இறங்கி ஸ்டாப்பரிடம் நேராக வாங்குவான், அவனுக்குத் திரும்பத் தெரிந்துவிட்டது. 2019-லிருந்து கோல் கிக்கில் (எதிராளி அடித்து எங்கள் கோல் கோட்டைத் தாண்டிப் போன பந்தை நாங்கள் திரும்ப உதைப்பது) பந்து பெனால்டி பாக்ஸை விட்டு வெளியே போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, உதைத்து நகர்ந்த உடனே ஆட்டம் ஆரம்பம். எதிராளிதான் பாக்ஸுக்கு வெளியே நிற்க வேண்டும். அதனால் கீப்பர் பக்கத்தில் இருக்கும் ஸ்டாப்பருக்குத் தட்டி, அவன் 10-க்குக் கொடுத்துவிட்டால் முதல் அழுத்தத்தைத் தாண்டிவிடலாம். சின்ன இடத்தில் நெருக்கடியில் வாங்கிப் பழகியது இங்கேதான் பலன் தரும்.

11-ஐ இடது கோட்டு ஓரத்திலிருந்து உள்ளே இழுக்கிறேன். எதிராளியின் சைடு பேக்குக்கும் (ஓரத்தில் காக்கிறவன்) ஸ்டாப்பருக்கும் நடுவே ஒரு சந்து இருக்கும், அவன் வாசம் இனி அந்தச் சந்தில். அங்கே நின்றால் இரண்டு பேரில் யார் அவனைப் பார்ப்பது என்று அவர்களுக்குள் குழப்பம் வரும். வெளியே காலியாகும் பாதையில் எங்கள் லெஃப்ட் பேக் ஏறுவான். போன சீசனில் நான் 11-ஐக் கோட்டில் கட்டி வைத்தது தப்பு. அவன் ஓடுகிற பையன் இல்லை, வாங்குகிற பையன்.

7 வலது ஓரத்திலேயே இருப்பான், சுண்ணாம்புக் கோட்டில் கால் படுகிற மாதிரி. ஒருத்தன் அப்படி நின்றால்தான் அவர்கள் வரிசை விரியும், விரிந்தால்தான் 11-க்குச் சந்து கிடைக்கும். அவனுக்கு நம்ம சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் 2023 ஆகஸ்டில் டியூரண்ட் கோப்பையில் அடித்த கோலைப் போனில் போட்டுக் காட்டினேன். மோகன் பகானை ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று ஜெயித்த டெர்பி, ஒரே ஊர் அணிகள் மோதும் ஆட்டம். வலது ஓரத்தில் வாங்கி, உள்ளே வெட்டி வந்து அடித்தது. "முதல் டச்ச மட்டும் பாரு, கோல அப்புறம் பாக்கலாம்" என்றேன். நாலு தடவை பார்த்தான். வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ் 2017-18-இல் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) ஜெயித்த சென்னையின் எஃப்சி அணியில் இருந்ததை இந்தப் பசங்களுக்கு நான் அடிக்கடி சொல்வேன். தெருவில் பார்த்த முகம் டிவியில் தெரியும்போது அவர்கள் காது கொடுக்கிறார்கள்.

9 விஷயத்தில் ஒரு சின்ன யோசனை. கோல் கிக்கிலிருந்து நேராகப் பந்து வாங்கினால் ஆஃப்சைடு (எதிராளியின் கடைசி வரிசைக்கு அப்பால் நின்று பந்து வாங்கும் தப்பு) கிடையாது, த்ரோ இன்னுக்கும் அப்படியே. பசங்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது, எதிராளிக்கும் தெரியாது. எங்கள் கீப்பருக்கு உதை நல்ல நீளம். மூன்று கோல் கிக்கில் இரண்டைச் சின்னதாகத் தட்டி அவர்களை மேலே வரவழைத்து, மூன்றாவதை அவர்கள் கடைசி வரிசைக்குப் பின்னால் நிற்கும் 9-க்கு நேராக அனுப்பினால்? டர்ஃபில் இதைப் பழக இடமில்லை. சனிக்கிழமை மண்ணில் ஆரம்பித்துவிட்டோம், பந்து எகிறினாலும் அவன் நெஞ்சில் வாங்கி இறக்கிவிடுகிறான்.

மார்ச்சிலிருந்து அதே செவ்வாய், வியாழனுக்கு மறுபடி பதிவு செய்துவிட்டேன். பதிவு சுலபம், போனில் ஒரு மெசேஜ், ஜிபேயில் பாதிக் காசு, காலையில் மீதி. கேட் திறக்கிற தம்பி ஐந்து இருபதுக்கே லைட் போட்டு வைத்திருப்பான், ஒரு நாளும் எங்களைத் தெருவில் நிற்க வைத்ததில்லை. உரிமையாளரிடம் நான் கேட்டிருப்பது ஒன்றுதான், வடக்குக் கோல் முன்னால் நாலு மூட்டை ரப்பர் கொட்டிச் சமன் செய்ய வேண்டும். அடுத்த வாரம் என்றிருக்கிறார். அதுவரை எங்கள் சதுரத்தைத் தெற்கு மூலையில்தான் போடுகிறோம்.