சாட்டிலைட் ரேடியோ: ஒயர் இணைப்புக்குக் காசு, செய்து தருவதோ வயர்லெஸ்

அமெரிக்காவில் கையடக்க சாட்டிலைட் ரேடியோவை (செயற்கைக்கோளிலிருந்து நிகழ்ச்சிகளைப் பெறும் கருவி) கார் ஸ்டீரியோவோடு இணைக்கக் கடையில் விடுபவர்கள் கவனிக்கவும். பில்லில் "எஃப்.எம். டைரக்ட் அடாப்டர், ஒயரிங், கூலி" என்று இருக்கும். இந்த அடாப்டர், ரேடியோவின் ஒலியை ஒயர் வழியாக ஸ்டீரியோவின் ஆன்டெனா துளைக்குள் அனுப்புவது. ஸ்டீரியோவை வெளியே இழுத்தால் பின்னால் அடாப்டரே இருக்காது. ரேடியோவிலேயே இருக்கும் வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டரை எஃப்.எம். 88.1-இல் வைத்து, ஸ்டீரியோவையும் அதே எண்ணுக்கு மாற்றி, பாட்டைக் கேட்கவைத்து அனுப்பிவிடுகிறார்கள்.

கடை வாசலில் தெளிவாகத்தான் கேட்கும். ஊர் தாண்டி அதே 88.1-இல் வேறொரு நிலையம் வந்ததும் இரைச்சல்தான். உரிமம் இல்லாத எஃப்.எம். டிரான்ஸ்மிட்டருக்கு அங்கே 3 மீட்டர் தூரத்தில் சிக்னலின் வலிமை மீட்டருக்கு 250 மைக்ரோவோல்ட்தான் உச்சவரம்பு. அந்தச் சின்ன சிக்னலால் பெரிய நிலையத்தோடு மோத முடியாது.

உண்மையான இணைப்பில் காரின் ஆன்டெனா ஒயர் அடாப்டருக்குள் போகும், அடாப்டரின் பிளக் ஸ்டீரியோவுக்குப் போகும், ஒரு மெல்லிய கேபிள் ரேடியோவைச் செருகி வைக்கும் டாக்கில் உள்ள 'எஃப்.எம். அவுட்' துளைக்கு வரும். சாட்டிலைட் ரேடியோ ஓடும்போது இந்த அடாப்டர் கார் ஆன்டெனாவைத் துண்டித்துவிடும். அதனால் சோதிப்பது சுலபம்: சாட்டிலைட் ரேடியோவை ஆன் செய்து, கார் ஸ்டீரியோவை உள்ளூர் எஃப்.எம். நிலையம் ஒன்றுக்கு மாற்றுங்கள். அது மங்கவேண்டும், ரேடியோவை அணைத்ததும் பழையபடி வரவேண்டும். இரண்டு நிலையிலும் ஒரே தெளிவு என்றால் அடாப்டர் இல்லை என்று சந்தேகப்படலாம்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. ஸ்டீரியோவில் ஆக்ஸ் துளை (வெளிக் கருவியின் ஒலியைக் கேபிளில் வாங்கும் துளை) இருந்தால் இந்த அடாப்டரே தேவையில்லை. இரு முனையும் 3.5 மி.மீ. உள்ள கேபிள் ஒன்று போதும், ஒலியும் இன்னும் நன்றாக இருக்கும். அதைச் சொல்லாமலே பில் போடுகிறார்கள். ஆக்ஸில் மாட்டினால் டிரான்ஸ்மிட்டரை மெனுவில் அணைத்துவிடுங்கள். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஏறும் 'ஙொய்ங்' சத்தம் வந்தால் அது கிரவுண்ட் லூப், அதாவது இரண்டு கருவிகளின் கிரவுண்ட் ஒயர்கள் வழியே புகும் மின் இரைச்சல். ஆடியோ கேபிளின் நடுவே அதைத் தடுக்கும் ஐசொலேட்டர் போட்டால் பெரும்பாலும் போய்விடும்.

ஒயர் வெளியே தெரியாமலிருக்க லைட்டர் பிளக்கை வெட்டி 12 வோல்ட்டில் நேரடியாகச் சேர்ப்பதை அனுமதிக்கவே கூடாது. பல மாடல்களில் 12-ஐ 5 வோல்ட்டாகக் குறைக்கும் சர்க்யூட் அந்தப் பிளக்கின் தலைக்குள்தான் இருக்கிறது. வெட்டினால் ரேடியோ கருகும். பிளக்கில் அச்சிட்டிருக்கும் 'அவுட்புட்' வரியைப் படித்துப் பாருங்கள்.

சாட்டிலைட் ஆன்டெனாவை டேஷ்போர்டுக்கு அடியில் ஒளிக்கவும் விடாதீர்கள். காந்த ஆன்டெனாவுக்கு இடம் இரும்புக் கூரைதான், ஓரத்திலிருந்து சற்றுத் தள்ளி.

டேஷ்போர்டை மூடுமுன் ஸ்டீரியோவின் பின்பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பணம் அதற்குப் பிறகு.