ஒரே ஒலி, மூன்று கருவிகள்: வாய்ஸ்மீட்டர் பனானா மதிப்புரை

விண்டோஸ் கணினியில் ஹெட்போனைச் செருகினால் ஸ்பீக்கர் அடங்கிவிடும். தொலைக்காட்சியை எச்டிஎம்ஐ கம்பியால் இணைத்தால் ஒலி அங்கே போய்விடும். எத்தனை ஒலிக்கருவிகள் இணைந்திருந்தாலும் அவற்றுள் ஒன்றையே விண்டோஸ் தன் இயல்புக் கருவியாக வைத்துக்கொள்கிறது. 2018 ஏப்ரலில் வந்த விண்டோஸ் 10 மேம்பாட்டுக்குப் பிறகு, உலாவியின் ஒலியை ஸ்பீக்கருக்கும் விளையாட்டின் ஒலியை ஹெட்போனுக்கும் எனச் செயலிவாரியாகப் பிரித்து அனுப்ப முடிகிறது என்றாலும், ஒரே பாட்டைக் கூடத்துத் தொலைக்காட்சியிலும் மேசை ஸ்பீக்கரிலும் ஒருசேர ஒலிக்க வைக்கும் பொத்தான் எதுவும் அதன் ஒலி அமைப்புப் பக்கத்தில் இல்லை. இந்தக் குறைக்காகப் பலர் நாடிச் செல்வது, பிரான்சைச் சேர்ந்த வின்சென்ட் ப்யூரெலின் விபி-ஆடியோ நிறுவனம் வெளியிடும் வாய்ஸ்மீட்டர் என்னும் மென்பொருளை. அதன் மூன்று பதிப்புகளில் நடுவில் இருக்கும் பனானாவைப் பற்றியதே இந்த மதிப்புரை.

தனி மென்பொருள் ஏதும் வேண்டாம் என்பவர்களுக்குப் பழைய வழி ஒன்று உண்டு. பல கணினிகளின் ரியல்டெக் ஒலிப்பிரிவில் 'ஸ்டீரியோ மிக்ஸ்' என்ற பதிவுக்கருவி முடக்கப்பட்ட நிலையில் கிடக்கும். அதை இயக்கி, அதன் பண்புகளில் உள்ள 'லிசன்' பிரிவில் இரண்டாவது கருவியைத் தேர்ந்தெடுத்தால், முதல் கருவியில் ஒலிப்பதன் நகல் இரண்டாவதற்கும் போகும். செலவில்லாத வழிதான், ஆனால் நகல் தாமதமாகவே வந்து சேர்கிறது, அந்தத் தாமதத்தைத் திருத்த அங்கே எந்த வசதியும் இல்லை. வெவ்வேறு அறைகளில் இருக்கும் ஸ்பீக்கர்களுக்கு இது போதும். ஒரே அறையில் இரண்டும் இருந்தால் எதிரொலிதான் மிஞ்சும்.

பனானா வேறு விதமாக வேலை செய்கிறது. நிறுவிக் கணினியை மறுதொடக்கம் செய்தபின், மென்பொருளால் மட்டுமே ஆன மெய்நிகர் ஒலிக்கருவிகள் விண்டோஸின் பட்டியலில் புதிதாகத் தோன்றும். அவற்றுள் 'வாய்ஸ்மீட்டர் இன்புட்' என்பதை இயல்புக் கருவியாக்கிவிட்டால், கணினியில் எழும் ஒலி முழுவதும் முதலில் வாய்ஸ்மீட்டருக்குள் வந்து, அங்கிருந்து ஏ1, ஏ2, ஏ3 என்ற மூன்று வெளியீடுகளுக்குப் பிரிந்து செல்கிறது. திரையின் வலது மேல் மூலையில் இந்த மூன்றுக்கும் உரிய கருவிகளைத் தேர்ந்தெடுத்து, மெய்நிகர் உள்ளீட்டின் பட்டையில் அந்த மூன்று பொத்தான்களையும் எரியவிட்டால் வேலை முடிந்தது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனி ஒலியளவுத் தள்ளியும் தனி ஈக்வலைசரும் (கனத்த ஒலி, கூரிய ஒலி ஆகியவற்றைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கருவி) இருப்பதால், தொலைக்காட்சியின் தட்டையான ஒலிக்குச் சற்றுக் கனம் கூட்டவும், இரவில் கூடத்து ஒலியை மட்டும் தணித்துவிட்டு ஹெட்போனை அப்படியே வைத்துக்கொள்ளவும் முடிகிறது. பயன்படுத்துபவருக்கு அன்றாடம் கைகொடுப்பது இந்தத் தனித்தனிக் கட்டுப்பாடுதான்.

ஒலியை நகலெடுத்து மூன்று இடத்துக்கு அனுப்புவது உண்மையில் எளிய வேலை. கடினம் கடிகாரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ஒலிக்கருவியும் தனக்குள் இருக்கும் படிகத்தின் துடிப்பைக் கொண்டு எடுத்துக்காட்டாக நொடிக்கு 48,000 மாதிரிகள் (ஒலியின் சிறு துணுக்குகள்) என்று எண்ணி ஒலிக்கிறது. இரண்டு கருவிகளின் படிகங்கள் முற்றிலும் ஒரே வேகத்தில் துடிப்பதில்லை. பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு என்ற மிகச் சிறிய வேறுபாடு இருந்தாலும், ஒரு மணி நேரத்தில் இரண்டுக்கும் 180 மில்லிநொடி இடைவெளி விழுந்துவிடும். படம் தொடங்கும்போது ஒத்திருந்த ஒலி இடைவேளைக்குள் கலைந்துபோக இதுவே போதும். வாய்ஸ்மீட்டர் ஏ1-இல் உள்ள கருவியின் கடிகாரத்தைத் தலைமையாகக் கொண்டு, மற்ற இரண்டையும் அதற்கு இணங்க ஓட்டுகிறது.

ஆகவே ஏ1-இல் எதை வைப்பது என்பது விருப்பத்தைப் பொறுத்த விஷயமன்று. அந்த இடம் காலியாக இருந்தால் ஏ2-உம் ஏ3-உம் சரியாக அமைந்திருந்தும் ஒலி வராது. யூஎஸ்பி ஹெட்போனை அங்கே வைத்துவிட்டு நடுவில் பிடுங்கினால் எல்லாமே நின்றுவிடும். கணினியோடு நிலையாக இருக்கும் உள்ளமை ஒலிப்பிரிவை ஏ1-இல் வைப்பதே நல்லது. கருவிகளின் பட்டியலில் ஒரே ஸ்பீக்கரின் பெயர் டபிள்யூடிஎம், எம்எம்இ, கேஎஸ் என்ற (விண்டோஸ் கருவியோடு பேசும் வெவ்வேறு வழிகளைக் குறிக்கும்) முன்னொட்டுகளோடு மூன்று முறை வருவது புதியவர்களைக் குழப்பும். டபிள்யூடிஎம்மில் தொடங்கி, கருவி முரண்டு பிடித்தால் எம்எம்இக்கு மாறலாம். தாமதம் கூடும், ஒலி நிலையாக இருக்கும். கரகரப்புக் கேட்டால் அமைப்புப் பக்கத்தில் பஃபர் (ஒலியை முன்கூட்டியே சேர்த்துவைக்கும் தற்காலிக இடம்) அளவை ஒரு படி உயர்த்திப் பார்த்துவிட்டு, பிறகே வேறு காரணங்களைத் தேட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு சிக்கல் மீதமிருக்கும். கடிகாரம் ஒத்திருந்தாலும் கருவிகள் ஒலியைக் கையாள எடுத்துக்கொள்ளும் நேரம் ஒன்றாக இருப்பதில்லை. கம்பி ஸ்பீக்கர் உடனே ஒலிக்கும்; தொலைக்காட்சியோ படத்தையும் ஒலியையும் பதப்படுத்திய பிறகே வெளியிடும். இதற்காகவே அமைப்புப் பக்கத்தில் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் மில்லிநொடிக் கணக்கில் தாமதம் சேர்க்கும் இடம் வைத்திருக்கிறார்கள். இந்த மென்பொருளுக்கு நான் தரும் மதிப்பெண்ணில் பாதி இந்த ஒரு வசதிக்கே உரியது. பின்தங்கும் கருவியை முன்னால் இழுக்க யாராலும் முடியாது என்பதால், முந்தும் கருவியைத்தான் நிறுத்திவைக்க வேண்டும். மிருதங்கத் தனியாவர்த்தனம் ஒன்றை ஓடவிட்டு, இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் நின்று கேட்டால், ஒவ்வொரு அடியும் இரட்டையாக விழுவது தெளிவாகத் தெரியும். கம்பி ஸ்பீக்கரின் தாமதத்தைப் பத்துப் பத்தாகக் கூட்டிக்கொண்டே போனால், இரண்டு அடிகளும் நெருங்கி வந்து ஓரிடத்தில் ஒன்றாகிவிடும். அதற்கு மேல் ஓரிரு மில்லிநொடிகளுக்காக மெனக்கெடுவதில் பயனில்லை. ஒலி காற்றில் ஒரு மில்லிநொடிக்குச் சுமார் 34 சென்டிமீட்டர் போகிறது, நாற்காலியைச் சற்று நகர்த்தினாலே கணக்கு மாறிவிடும். தொலைக்காட்சித் திரையிலேயே படத்தையும் பார்ப்பவர்களுக்கு உதட்டசைவு கெடாது. கணினித் திரையில் பார்ப்பவர்களுக்குப் படம் முந்தும். விஎல்சி போன்ற ஒலி ஒத்திசைவு வசதியுள்ள இயக்கியில் அதைச் சரிசெய்துகொள்ள வேண்டியிருக்கும்.

புளூடூத் ஸ்பீக்கரை இந்தக் கூட்டணியில் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் தாமதம் பெரியது. இணைப்பு துண்டித்துச் சேரும்போதெல்லாம் மாறவும் கூடும். நேற்றுச் சரிசெய்த எண் இன்று பொருந்தும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

குறைகளில் முதலாவது முகப்பு. வானொலி நிலையத்துக் கலவைமேசையை அப்படியே திரையில் இறக்கியதுபோல் இருக்கும் அதில், கம்ப்ரசர், கேட், ஒலிநாடாப் பதிவுக்கருவி என, இரண்டு ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்க விரும்புபவருக்குத் தேவையே இல்லாத குமிழ்கள் நிறைந்திருக்கின்றன. எழுத்துகளும் சிறியவை. நேரலை ஒளிபரப்பாளர்களை மனத்தில் வைத்துச் செய்த கருவி என்பதால் இதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் மற்றவர்களும் கைவைக்கும் கணினி என்றால் யோசிக்க வேண்டும். விசைப்பலகையின் ஒலியளவு விசைகளை ஏ1-இன் ஒலியளவோடு பிணைக்கும் தெரிவும், விண்டோஸோடு தானாகத் தொடங்கும் தெரிவும் மெனுவில் உள்ளன. இரண்டாவதைக் குறித்துவைப்பது மிக முக்கியம்: மென்பொருள் ஓடாதபோது மெய்நிகர் கருவியே இயல்பாக இருந்தால் கணினி ஊமையாகிவிடும். ஒலி திடீரென நின்றால் அதே மெனுவில் உள்ள 'ரீஸ்டார்ட் ஆடியோ இன்ஜின்' பெரும்பாலும் போதுமானது.

மேக் வைத்திருப்பவர்களுக்கு இது எதுவும் வேண்டாம். அதனோடு வரும் 'ஆடியோ மிடி செட்டப்' செயலியிலேயே பல கருவிகளை ஒன்றாக்கி, கடிகார விலகலைத் திருத்தும் கட்டத்தையும் குறித்துக்கொள்ளலாம். அப்படி இணைத்த பிறகு விசைப்பலகையின் ஒலியளவு விசைகள் வேலை செய்யாது என்பது மட்டும் எரிச்சல். லினக்ஸில் பல்ஸ்ஆடியோ, பைப்வயர் என்னும் ஒலி அமைப்புகள் இதே வேலையை ஒரு கூறினை ஏற்றிச் செய்துவிடுகின்றன.

பனானாவை இலவசமாகவே இறக்கிப் பயன்படுத்தலாம். பிடித்தவர்கள் விரும்பிய தொகையைச் செலுத்தலாம். ஐந்து வெளியீடுகள் கொண்ட பொட்டேட்டோ பதிப்பு, சோதனைக் காலத்துக்குப் பின் உரிமம் கேட்கிறது. வீட்டுக்கு அது வேண்டியதில்லை. இரண்டே வெளியீடுகள் கொண்ட அடிப்படைப் பதிப்பையும் நான் தேர்ந்தெடுக்க மாட்டேன், ஏனெனில் பனானா தரும் தனித்தனி ஈக்வலைசர் அதில் இல்லை. வேண்டாம் என்று முடிவெடுத்து நீக்குபவர்கள், முதலில் விண்டோஸின் இயல்புக் கருவியைப் பழையபடி ஸ்பீக்கருக்கு மாற்றி, பிறகு மென்பொருளை நீக்கி, மீண்டும் ஒருமுறை மறுதொடக்கம் செய்ய வேண்டும்.