டர்னரோட ரயில் ஓவியம்: பிரிண்ட் வாங்கி ஏமாந்து, ஒரிஜினலைப் பார்த்துட்டு எழுதுறேன்

முதல்ல பிரிண்ட் கதையைச் சொல்லிடறேன். எங்கப்பா ரயில்வேல எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுற ஃபயர்மேனா சேர்ந்து டிரைவரா ரிட்டையர் ஆனவர், கரி எஞ்சின் காலத்து ஆளு, அவர் பொறந்தநாளுக்கு குடுக்கலாம்னு இங்கிலாந்து ஓவியர் டர்னர் வரைஞ்ச ‘மழை, நீராவி, வேகம்’ ஓவியத்தோட கேன்வாஸ் பிரிண்ட் ஒண்ணு ஆன்லைன்ல வாங்கினேன். கடை பேரு வேணாம். பேக்கிங், ஃப்ரேம் எல்லாம் ஓகே, ஆனா படம் ஒரே மஞ்சக் கலங்கல். ரயிலுக்கு முன்னாடி தண்டவாளத்துல ஒரு முயல் உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு ஓடும்ப்பான்னு நான் வேற ஆசையா சொல்லி வெச்சிருந்தேன், அவரு கண்ணாடி போட்டுக்கிட்டு பத்து நிமிஷம் தேடிட்டு “முயல் எங்கடா?”ன்னு கேட்டாரு. எனக்கும் தெரியல.

ஆபீஸ் வேலையா லண்டன் போனப்போ ட்ரஃபால்கர் சதுக்கத்துல இருக்கிற நேஷனல் கேலரிக்கு இதுக்குன்னே போனேன். நுழைய காசு கிடையாது, வெள்ளிக்கிழமை ராத்திரி 9 மணி வரைக்கும் திறந்திருக்கும், வேலை முடிச்சுட்டு சாவகாசமா போகலாம்.

சுவர் முழுக்க இருக்கும்னு நினைச்சுட்டுப் போனேன், பார்த்தா 91 சென்டிமீட்டர் உயரம், கிட்டத்தட்ட 122 அகலம், அவ்வளவுதான். ஆனா கிட்ட போனா கதையே வேற. எஞ்சின் இருக்கிற இடத்துல பெயின்ட்டைக் கட்டியா அப்பியிருக்காரு, சைடுல நின்னு பார்த்தா வெளிச்சத்துல மேடு பள்ளம் தெரியுது, புகைபோக்கி மட்டும் கன்னங்கரேல்னு தெளிவா முன்னாடி வருது, மத்ததெல்லாம் மழையில கரைஞ்சு போய்க் கிடக்கு. இதை எந்த பிரிண்ட்டாலயும் குடுக்க முடியாது.

முயல் இருக்கு. கீழ வலது பக்கம், எஞ்சினுக்கு நேர் முன்னாடி, பாலத்து மேல, லேசா ஒரு பிரவுன் கீத்து. அதை ரொம்ப மெல்லிசா போட்டதால வருஷம் போகப் போக பெயின்ட் மங்கி பின்னாடி இருக்கிறதே தெரிய ஆரம்பிச்சிருச்சு, அதனால ஒரிஜினல்லயே கஷ்டப்பட்டுத்தான் கண்டுபிடிக்கணும். இரும்பு கெட்டியா நிக்குது, உயிருள்ளது மறைஞ்சுக்கிட்டே போகுது. அங்க நின்னப்போ எனக்கு நெஞ்சு கனத்துருச்சு. 1844ல டர்னர் இதுல வேலை பண்றதை சின்னப் பையனா கூட நின்னு பார்த்த ஒருத்தர், தலைப்புல சொல்ற வேகம் ரயிலோடது இல்ல, முயலோடதுன்னு பிற்பாடு எழுதி வெச்சிருக்காரு. நேர்ல பார்த்தா எனக்கும் அப்படித்தான் தோணுது.

இன்னொண்ணு, எஞ்சினுக்கு முன்பக்கம் செக்கச்செவேல்னு நெருப்பு தெரியும். கரி எரியற ஃபயர்பாக்ஸ் பின்னாடி டிரைவர்கிட்ட இருக்கும், முன்னாடி எப்படிடா தெரியும்னு அப்பா பிரிண்ட்லயே புடிச்சுட்டாரு. டர்னர் தெரியாம போட்டிருக்க மாட்டாருன்னுதான் நினைக்கிறேன், உள்ள எரியறதை வெளிய காட்டணும்னு போட்டிருக்காரு. அப்பா சர்வீஸ்ல ஆடு மாடு குறுக்க வந்தா விசிலை விடாம அடிச்சுக்கிட்டே சாமியைக் கும்பிடுவாராம், பிரேக் போட்ட உடனே நிக்கிற வண்டியா அது. அவர் எஞ்சினுக்குள்ள இருந்து பார்த்த பயத்தை இந்தப் படத்துல முயல் பக்கம் நின்னு பார்க்கிறோம்.

பாலம் நிஜமான பாலம், தேம்ஸ் ஆத்து மேல மெய்டன்ஹெட்ங்கிற ஊர்ல புரூனல்ங்கிற இன்ஜினியர் கட்டினது, ஆத்தைத் தாண்டற செங்கல் வளைவு ஒவ்வொண்ணும் 128 அடி, இன்னைக்கும் ரயில் ஓடிக்கிட்டிருக்கு. வலது பக்கம் தூரத்துல ஒருத்தர் ஏர் ஓட்டுறாரு, இடது பக்கம் ஆத்துல சின்னதா ஒரு படகு, அதையும் விட்டுடாதீங்க. அதே கேலரியில ஜோசப் ரைட் 1768ல வரைஞ்ச காத்து பம்ப் ஓவியமும் இருக்கு, கண்ணாடிக் கூண்டுக்குள்ள காத்தை உறிஞ்ச உறிஞ்ச ஒரு வெள்ளைப் பறவை துடிக்கும், பக்கத்துல ஒரு பொண்ணு பார்க்க முடியாம முகத்தை மூடிக்கும். என்னால அதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் நிக்க முடியல.

ஒரிஜினலுக்கு 5க்கு 5. நான் வாங்கின பிரிண்ட்டுக்கு 2, அதுவும் ஃப்ரேமுக்காக. நீங்க பிரிண்ட் வாங்கறதா இருந்தா கீழ வலது மூலையை மட்டும் பெருசாக்கி ஒரு போட்டோ அனுப்பச் சொல்லிக் கேளுங்க, முயல் தெரியலைன்னா காசு குடுக்காதீங்க. டர்னர் இறந்த பிறகு இந்தப் படத்தைப் பார்த்து செதுக்கி அச்சடிச்ச கறுப்பு வெள்ளைப் பதிப்பு ஒண்ணு இருக்கு, அதுல முயல் நல்லாவே தெரியும். அதோட காப்பியைத்தான் இப்ப அப்பா கட்டில் பக்கத்துல மாட்டியிருக்கேன்.