பாலமா, படகா: மைன்கிராஃப்ட்டில் பாம்பன் ஆட்டம், நாள்பட ஆடிப் பார்த்ததில்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளும் விசைப்படகுகள் கரையில் நிற்கும். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் மாலை நேரத்தில் எட்டுப் பேர் சேருவது அப்போது சுலபம். இன்டர்நெட் கூட வேண்டாம். கட்டம் கட்டமாக அடுக்கி உலகம் கட்டி ஆடும் வீடியோ கேமான மைன்கிராஃப்ட்டின் பெட்ராக் பதிப்பு (போனில் ஓடுவது), ஒரு போனின் ஹாட்ஸ்பாட், அவ்வளவுதான்.

ஆட்டம் இது. நாலு பேர் பாலத்தில் ஓடணும். மீதி நாலு பேர் இரண்டு படகில், படகுக்கு இருவராகத் துரத்தணும். ஒருத்தர் துடுப்பு போட, இன்னொருத்தர் பனிப்பந்து வீசுவார். வல்லத்தில் ஒருத்தர் சுக்கான் பிடிக்க ஒருத்தர் வலை விடுகிற மாதிரி.

நிஜப் பாலம் 2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஒரு கட்டம் ஒரு மீட்டர் என்று முழுசாகக் கட்டினால் ஓடி முடிக்க ஆறு நிமிஷம் ஆகும், சலிப்புத் தட்டும். மூன்றில் ஒரு பங்காக 700 கட்டம் போதும். அகலம் 3, தண்ணீருக்கு மேல் 5 கட்டம். கைப்பிடி கட்டவே கூடாது, காரணம் கீழே வருகிறது.

கணக்கு முக்கியம். ஓடுபவர் நொடிக்கு 5.6 கட்டம், குதித்துக் குதித்து ஓடினால் 7 கட்டம். படகு 8 கட்டம். ஓடுபவரை 30 நொடி முன்னால் விட்டால், குதிக்காமல் ஓடுகிறவரைப் படகு 560ஆவது கட்டத்தை ஒட்டிப் பிடித்துவிடும். குதித்து ஓடுகிறவர் தப்பிக்கலாம், ஆனால் பசி விடாது. திரையில் பசியைக் காட்டும் கோழிக்கால் மூன்றாகக் குறைந்தால் வேகம் நின்றுவிடும். ஆளுக்கு இரண்டு பிரெட் மட்டும் கொடுங்கள். எங்கே நின்று தின்பது என்பதிலேயே ஆட்டம் சூடு பிடிக்கும்.

முதலில் எல்லோரும் செய்கிற தப்பு, பேய்பிசாசு தொல்லை வேண்டாமென்று டிஃபிகல்ட்டியைப் பீஸ்ஃபுல்லில் வைப்பது. அதில் பசியே இறங்காது. எல்லோரும் முயல் மாதிரி குதித்தே அக்கரை சேர்ந்துவிடுவார்கள். ஈஸியில் வைத்து, பேய்பிசாசு முளைக்க விடும் மாப் ஸ்பானிங்கை மட்டும் அணையுங்கள். கீழே வரும் கட்டளைகளுக்காகச் சீட்ஸ் (cheats) ஆன் செய்தால் அந்த உலகத்தில் அச்சீவ்மென்ட் கிடைக்காது. இதற்கென்று தனி உலகம் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்த தகராறு: "பட்டுச்சு", "படலை". பனிப்பந்தால் அடி விழாது, கொஞ்சம் தள்ளும், அவ்வளவுதான். பட்டால் அவுட் என்று வாயால் விதி வைத்தால் அழுகுணி ஆட்டம்தான் மிஞ்சும். அதனால் விதியை மாற்றி, தண்ணீரில் விழுந்தால் அவுட் என்று வையுங்கள். கைப்பிடி வேண்டாம் என்றது இதற்குத்தான். ஓடுகிற அணிக்கு ஒரு டேக் (அடையாளக் குறி) போட்டு, பாலத்தின் அடியில் தண்ணீர் மட்டத்தில் அந்த டேக் உள்ள ஆள் வந்தால் சிறைத்தீவுக்கு டெலிபோர்ட் செய்கிற ரிப்பீட் கமாண்ட் பிளாக் (கட்டளையைத் தானாகத் திரும்பத் திரும்ப ஓட்டும் கட்டம்) ஒன்று போதும். தீவுக்குக் குருசடை என்றே பெயர் வைக்கலாம். ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் தாக்க விடும் பிவிபி செட்டிங் ஆனில் இருக்கணும். வாள், வில் எதையும் பைக்குள் விடாதீர்கள். ஹாட்ஸ்பாட் சொந்தக்காரர்தான் பெரும்பாலும் ஒளித்து வைப்பார்.

பாலத்தின் நடுவே 24 கட்டம் தூக்குப் பகுதி. 2025இல் திறந்த புதுப் பாலத்தில் நடுப்பகுதி நிஜமாகவே மேலே எழும்புகிறது. பிஸ்டனால் அதைத் தூக்க முயலாதீர்கள். ஒரு பிஸ்டன் 12 கட்டம்தான் தள்ளும், வேலை இழுத்துக்கொண்டே போகும். ஃபில் கட்டளையால் காற்றாக்கித் திரும்பப் பலகை போடுவதே சரி. ரிப்பீட் பிளாக்கின் டிலேயில் 1200 டிக், அதாவது ஒரு நிமிஷம். அதோடு ஒட்டி, அதைத் தொடர்ந்து ஓடும் செயின் பிளாக்கில் 400 டிக், 20 நொடி. ஒவ்வொரு முறையும் ஒருத்தராவது தண்ணீரில் விழுவார். அந்தச் சிரிப்புக்காகவே இதைக் கட்டலாம்.

கட்டியும் பாலம் திறக்கவில்லையா? சிமுலேஷன் டிஸ்டன்ஸ் 4 என்றால் ஆளைச் சுற்றி 64 கட்டம் வரைதான் கமாண்ட் பிளாக் உயிரோடு இருக்கும். எல்லோரும் மண்டபம் முனையில் நிற்கும்போது நடுப்பகுதி தூங்கிவிடும். கமாண்ட் பிளாக் எல்லாவற்றையும் தூக்குப் பகுதிக்குப் பக்கத்திலேயே வைத்து, அங்கே ஒரு டிக்கிங் ஏரியா (பக்கத்தில் ஆள் இல்லாவிட்டாலும் தூங்காத பகுதி) போட்டுவிட்டால் தீர்ந்தது.

ஒரு சுற்றுக்குத் தனியாக கடிகாரம் வேண்டாம். நேரத்தை 0 என்று வைத்து ஜூட் சொல்லுங்கள். 12000 டிக், அதாவது பத்து நிமிஷத்தில் பொழுது சாயும். அதற்குள் அக்கரை சேராதவர் அவுட்.

இனி போன் சங்கதி. எல்லாரிடமும் ஒரே வெர்ஷன் இருக்கணும். ஒருத்தர் போன் மட்டும் ராத்திரி தானாக அப்டேட் ஆகியிருந்தால் அவரால் நுழைய முடியாது. உலகத்தைத் திறந்தவருக்கு போன் கால் வந்து ஆப் பின்னால் போனால் மொத்தப் பேரும் வெளியே விழுவார்கள். அதனால் உலகத்தைத் திறப்பது ஒரு போன், ஹாட்ஸ்பாட் இன்னொரு போன் என்று பிரித்து, திறக்கிற போனில் சிம்மைக் கழற்றிவிடுங்கள். லேனில் (LAN, அதாவது ஒரே ஹாட்ஸ்பாட்டில் இருப்பவர்களுக்கு) தெரியும்படி வைக்கும் செட்டிங் ஆனில் இருந்தும் உலகம் லிஸ்ட்டில் வராவிட்டால், சேராத ஆளின் மொபைல் டேட்டாவை அணைத்துப் பாருங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். உப்புக்காற்றில் சார்ஜ் துளை பச்சை பிடிக்கும், கடற்கரை மணலில் உட்கார்ந்து பவர்பேங்க் குத்தாதீர்கள்.

ஜிடிஏ ஆன்லைன் என்ற இன்னொரு கேமிலும் இதே துரத்தலை, அழைத்தவர்கள் மட்டும் நுழையும் இன்வைட் ஒன்லி செஷனில் ஆடலாம். ஆனால் இன்டர்நெட் இல்லாமல் நடக்காது, விதியெல்லாம் வாய்ச்சொல்தான், கூட்டாளியின் புள்ளி ரேடாரில் தெரிந்துவிடும். இரண்டு சுற்றுக்கு மேல் தாங்கவில்லை. பாலம் ஆட்டம் இன்னும் ஓடுகிறது. இப்போதைய சண்டை, தூக்குப் பகுதி திறந்திருக்கும் 20 நொடியை 15 ஆக்கலாமா என்பது.