ஐஸ்கசி லாகின்: நான் எழுதியது ஒன்று, இரு பக்கமும் ஒத்துக்கொண்டது ஒன்று

ஏழு வருடங்களாக எங்கள் சின்ன அலுவலகத்தில் ஒரே ஏற்பாடுதான். டெபியன் லினக்ஸ் போட்ட ஒரு ஸ்டோரேஜ் சர்வர், அதன் வட்டுகளை ஐஸ்கசி (நெட்வொர்க் வழியாக இன்னொரு மெஷினின் வட்டைத் தன் வட்டுபோலப் பயன்படுத்தும் முறை) வழியாக எடுத்துக்கொள்ளும் இரண்டு விர்ச்சுவல் மெஷின் சர்வர்கள், நடுவில் தனியாக ஒரு ஸ்விட்ச். வட்டைக் கொடுக்கும் டார்கெட் பக்கம் லினக்ஸ் கர்னலோடு வரும் எல்ஐஓ மென்பொருள், அதை வாங்கிப் பயன்படுத்தும் இனிஷியேட்டர் பக்கம் ஓப்பன்-ஐஸ்கசி. வேகம், விலை பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் லாகின் பற்றி மட்டும் சொல்கிறேன். எனக்கு வந்த தலைவலிகளில் முக்கால்வாசி அங்கே பிறந்தவைதான்.

லாகின் என்றதும் பெயர், பாஸ்வேர்டு என்று நினைத்துவிடாதீர்கள். 3260 போர்ட்டில் டிசிபி இணைப்பு கிடைத்ததும் முதலில் 'நீ யார்' என்ற விசாரணை, அப்புறம் கொடுக்கல் வாங்கலை எப்படி வைத்துக்கொள்வது என்ற பேச்சு. நெட்வொர்க்கில் போவதைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் பார்த்தால் எல்லாம் கண்ணால் படிக்கிற எழுத்துதான்: ஒரு பெயர், ஒரு சமக்குறி, ஒரு மதிப்பு. இது ஏதோ பேரம் என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தேன். ஏற்றி இறக்கிப் பேச அங்கே ஒன்றுமே இல்லை. ஒவ்வொன்றுக்கும் முடிவு எப்படி வரவேண்டும் என்று ஐஸ்கசியின் விதி ஆவணமான ஆர்எஃப்சி 7143 ஏற்கெனவே எழுதி வைத்துவிட்டது. மேக்ஸ்பர்ஸ்ட்லெங்த் (ஒரு தொடராக அனுப்பும் டேட்டாவின் உச்ச அளவு) என்றால் சின்ன எண்தான் ஜெயிக்கும்: என் பக்கம் 16776192 பைட், டார்கெட் 262144 என்றது, முடிந்தது கதை. இமீடியட்டேட்டாவுக்கு (கட்டளையோடேயே டேட்டாவை ஒட்டி அனுப்பலாமா என்பது) இருவரும் 'யெஸ்' சொன்னால்தான் யெஸ். இனிஷியல்ஆர்டூடி நேர்மாறு, யாராவது ஒருவர் 'யெஸ்' என்றாலே யெஸ்.

அந்தக் கடைசி ஆள்தான் என்னை ஏமாற்றியது. அது யெஸ் என்றால், எழுதவேண்டிய டேட்டாவை 'இப்போது அனுப்பு' என்று டார்கெட் கேட்கும்வரை பிடித்து வைத்திருக்க வேண்டும். கட்டளையோடு ஒட்டிப் போகும் முதல் துண்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. என் இனிஷியேட்டரின் அமைப்புகள் இருக்கும் ஐஸ்கசிடி கான்ஃப் கோப்பில் 'நோ' என்றுதான் இருந்தது. காத்திருப்பு இல்லாமல் ஓடுகிறது என்று ஒரு வருடத்துக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் வேறு எதையோ தேடப்போய், ஐஸ்கசிஅட்ம் கட்டளையில் செஷன் (லாகின் ஆனபின் நடக்கும் தொடர்பு) விவரத்தைப் பி 3 என்ற விரிவான அளவில் விரித்துப் பார்த்தால், இனிஷியல்ஆர்டூடி: யெஸ். எல்ஐஓ-வின் வழக்கமான மதிப்பே யெஸ்தான். நான் எவ்வளவு நோ போட்டாலும் செல்லாது.

இன்னொரு கூத்து, அந்தக் கான்ஃப் கோப்பு வெறும் அச்சு. டார்கெட்டைக் கண்டுபிடிக்கும் நேரத்தில் அதிலுள்ள மதிப்புகள் அந்தந்த நோடின் (இனிஷியேட்டர் கண்டுபிடித்த ஒவ்வொரு டார்கெட்டின்) தனிப் பதிவுக்கு நகலாகிவிடும். பிறகு கோப்பைத் திருத்தினாலும் பழைய நோடுக்கு அது தெரியாது. நோடு பதிவைத்தான் மாற்றவேண்டும். மாற்றினாலும் ஓடுகிற செஷனில் ஏறாது. லாக்அவுட் செய்து மறுபடி லாகின் ஆக வேண்டும், அதற்கு எல்லா விர்ச்சுவல் மெஷினையும் நிறுத்த வேண்டும். கணக்குப் பிரிவிடம் அனுமதி வாங்குவது இதைவிடப் பெரிய லாகின்.

சரி, டார்கெட் பக்கமும் நோ ஆக்கினேன். வித்தியாசம் தெரிந்ததா? உண்மையைச் சொன்னால், பெரிதாக இல்லை. ஒரே ஸ்விட்சில் இருக்கும்போது அந்தக் காத்திருப்பு வட்டின் தாமதத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பலன் தந்தது வேறொன்று: மேக்ஸ்ரிசிவ்டேட்டாசெக்மென்ட்லெங்த். (பெயரை ஒரே மூச்சில் சொன்னவர்களுக்குக் காபி என் செலவு.) இதில் ஒத்துக்கொள்வது என்பதே கிடையாது. 'ஒரு தடவைக்கு இவ்வளவுதான் வாங்குவேன்' என்று ஒவ்வொரு பக்கமும் தன்னைப் பற்றி அறிவிக்கும், எதிர்ப்பக்கம் கேட்டு நடக்கும். எங்கள் டார்கெட் 8192 என்று சொல்லிக்கொண்டிருந்தது. எழுதும் டேட்டா எல்லாம் எட்டு கேபி துண்டுகளாகப் போயிருக்கிறது. 262144 ஆக்கியதும் இரவு பேக்கப் நேரத்தில் ஸ்டோரேஜ் சர்வரின் சிபியு கண்ணுக்குத் தெரிகிற அளவு இறங்கியது.

மிக மோசமான வாரம் என் சோம்பேறித்தனத்தால் வந்தது. இரண்டாவது சர்வரைப் புதிதாக நிறுவாமல் முதலாவதன் வட்டை அப்படியே குளோன் செய்தேன். ஐபியை மாற்றினேன், ஹோஸ்ட்நேமை மாற்றினேன், ஐஸ்கசியில் அந்த மெஷினின் அடையாளமான இனிஷியேட்டர் பெயரை மாற்ற மறந்துவிட்டேன். இரண்டாவது லாகின் ஆனதும் முதலாவதன் இணைப்பு அறுந்தது. அது திரும்ப லாகின் ஆனதும் இரண்டாவது அறுந்தது. லாக் கோப்பில் 1020 என்ற பிழை வரிசையாக. நான் கேபிளை மாற்றினேன், ஸ்விட்ச் போர்ட்டை மாற்றினேன், ஸ்விட்சைத் திட்டினேன். டார்கெட் செய்ததில் தப்பே இல்லை. ஒரே இனிஷியேட்டர் பெயர், ஒரே ஐஎஸ்ஐடி எண் (இனிஷியேட்டர் தன் செஷனுக்கு வைக்கும் அடையாள எண்), டார்கெட்டில் ஒரே போர்ட்டல் குழு (இணையும் முகவரிகளின் தொகுப்பு) என்றால் வந்திருப்பது பழைய ஆள்தான், இணைப்பு போய்த் திரும்பி வந்திருக்கிறான் என்று எடுத்துக்கொண்டு பழைய செஷனை மூட வேண்டும் என்பதே விதி. ஐஎஸ்ஐடி ஓப்பன்-ஐஸ்கசி தானாகப் போடுவது. இரண்டு சர்வரிலும் முதல் செஷனுக்கு ஒரே எண்.

ஐஸ்கசி-ஐநேம் கட்டளையில் புதுப்பெயர் எடுத்துப் போட்டேன். உடனே பிழை 24, அனுமதி இல்லை. பாஸ்வேர்டு தப்போ என்று அரைமணி நேரம் அதையே திரும்பத் திரும்ப அடித்தேன். பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தால் நிலைக் குறியீடு 0202. அடையாளம் தப்பாக இருந்தால் 0201 வந்திருக்கும். 0202 என்றால் இந்தப் பெயருக்கு இந்த டார்கெட்டில் இடமில்லை என்று அர்த்தம். டார்கெட்டின் அனுமதிப் பட்டியலில் புதுப்பெயரைச் சேர்க்கவே இல்லை நான்.

லாகினில் ரகசியச்சொல்லைச் சரிபார்க்கும் முறையான சாப் பற்றி ஒரு வார்த்தை. லினக்ஸ் மெஷின்களுக்குப் பத்து எழுத்தில் ரகசியச்சொல் வைத்து நிம்மதியாக இருந்தேன். ஒரு விண்டோஸ் சர்வர் வந்தபோது அது ஏற்கவில்லை. அதற்குப் 12 முதல் 16 எழுத்து வேண்டும். எல்லா இடத்திலும் மாற்றினேன். சாப் காப்பது வாசலை மட்டும்தான், உள்ளே போகும் டேட்டா மறைப்பில்லாமல்தான் போகும். தனி ஸ்விட்ச் வைத்திருப்பது அதனால்தான்.

இப்போது ஒவ்வொரு அப்கிரேடுக்குப் பிறகும் அந்தப் பி 3 வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்து, பழையதோடு டிஃப் போட்டுப் பார்க்கிறேன். போன தடவை முதல் சர்வரைப் புதிதாக நிறுவியபோது ஒரே ஒரு வரி மாறியிருந்தது. ஹெட்டர்டைஜெஸ்ட் (பாக்கெட்டின் தலைப்பகுதி பழுதில்லாமல் வந்ததா என்ற சரிபார்ப்பு), முன்பு சிஆர்சி32சி, இப்போது நன், அதாவது எதுவும் இல்லை. பழைய நோடு பதிவில் நான் கையால் போட்டது, புது நிறுவலில் காணாமல் போயிருந்தது. இரவு பத்தரை மணிக்கு மறுபடி விர்ச்சுவல் மெஷின்களை ஒவ்வொன்றாக நிறுத்த ஆரம்பித்தேன்.