கும்பகோணத்தில் அப்பாவுக்கு ஒரு ஸ்கேன்

லண்டனில் மூத்திரக் கோளாறு பார்க்கும் யூராலஜிஸ்டைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கும்பகோணத்தில் காலையில் போன் பண்ணினோம், சாயங்காலமே பார்த்தாயிற்று. என் ஆதங்கமெல்லாம் மறுநாள் போன ஸ்கேன் சென்டரைப் பற்றித்தான்.

அப்பாவுக்கு 76 வயது. ராத்திரி மூத்திரம் போக நாலைந்து தடவை எழுந்திருக்கிறார். போனாலும் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. "வயசானா அப்படித்தான்" என்று அம்மாவிடம்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறார். டாக்டர், மூத்திரம் வரும் வேகத்தை அளக்கும் யூரோஃப்ளோ டெஸ்டும், போன பிறகு மூத்திரப்பையில் எவ்வளவு தங்குகிறது என்று பார்க்க ஸ்கேனும் எழுதினார்.

"தண்ணி குடிங்க, முட்டினா சொல்லுங்க" என்றார்கள் ஸ்கேன் சென்டரில். அப்பா ஒரு பாட்டிலைக் காலி பண்ணிவிட்டுச் சொன்னார். "மேடம் சாப்பிடப் போயிருக்காங்க, அடக்கிக்குங்க." நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வேர்க்க, ஒரு மணி நேரத்துக்கு மேல் அடக்கினார். கடைசியில் ஹாலின் அந்தக் கோடியிலிருந்து ஒரு பெண், "தாத்தா, யூரின் முட்டிடுச்சா இல்லையா?" என்று கத்த, மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது. ஊரில் பாதிப் பேருக்குப் பாடம் எடுத்த வாத்தியார் அவர். தலையைக் குனிந்துகொண்டு "இல்லை" என்றார். திரும்பவும் காக்க வைத்தார்கள்.

லண்டனில் எனக்கு இதே டெஸ்ட் எடுத்தபோது நர்ஸ் தனி அறையில் விட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார். கதவு சாத்த என்ன செலவு?

ரிப்போர்ட்டைப் பார்த்ததும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "ரொம்ப நேரம் அடக்கினாரா?" அளவுக்கு மீறி நிரம்பிய பை சரியாகச் சுருங்காதாம், வேகம் குறைவாகவும் மிச்சம் அதிகமாகவும் காட்டுமாம். வேறு இடத்தில் திரும்ப எடுத்தோம்.

டாக்டர் மட்டும் தங்கமானவர். படம் போட்டே காட்டினார். மூத்திரப்பைக்குக் கீழே, குழாயைச் சுற்றி இருக்கும் புராஸ்டேட் சுரப்பி 50 வயதுக்கு மேல் பலருக்கும் வீங்கும். இது புற்றுநோய் இல்லை. வீக்கம் சிறிதாக இருந்தும் குழாயை நெரிக்கலாம், பெரிதாக இருந்தும் தொந்தரவு தராமல் போகலாம். அப்பா முதல் முறையாக வாய் திறந்து கேள்வி கேட்டார்.

மூத்திரம் தடையில்லாமல் போக, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு டாம்சுலோசின் என்ற மருந்து 0.4 மில்லிகிராம். தலை சுற்றலாம், அதனால் கட்டிலில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழ வேண்டும். சளி மாத்திரை சிலது மூத்திரத்தை ஒரேயடியாக அடைத்துவிடும், கேட்காமல் போடக்கூடாது என்றார். அப்பா சளி என்றால் தெருமுனை மெடிக்கலுக்குத்தான் போவார். கடைக்காரரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.